புகைமூட்ட வரைபடத்தைப் படிக்கத் தெரியுமா?

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



ஒரு தமிழ்ப்பள்ளியின் தலைமையாசிரியரைக் கற்பனை செய்து பாருங்கள். மறுநாள் சனிக்கிழமை, பள்ளியில் விளையாட்டுப் போட்டி. கூடாரம் போட்டாகிவிட்டது. பெற்றோர் ஆசிரியர் சங்கம் 300 பேருக்குச் சாப்பாட்டுக்குச் சொல்லிவிட்டது. வெள்ளிக்கிழமை மாலையில் வானம் மங்குகிறது; காற்றில் லேசாகக் கருகல் வாடை.

ஒரு மாணவியின் தாயார் கைத்தொலைபேசியை நீட்டுகிறார். அதிலுள்ள வரைபடத்தில் மாநிலம் முழுவதும் இரத்தச் சிவப்பு. "சார், பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள், ஒத்திவைத்துவிடுங்கள்" என்கிறார். பக்கத்தில் நின்ற இன்னொருவர் தம் தொலைபேசியைக் காட்டுகிறார். அதே மாநிலம், அதே மாலை, படம் முழுவதும் இளம்பச்சை. "ஒன்றுமில்லை சார், தாராளமாக நடத்தலாம்" என்கிறார் அவர்.

மூன்றாம் ஆண்டில் ஆஸ்துமா உள்ள ஒரு பையன் படிக்கிறான். அவனும் ஓட்டப்பந்தயத்தில் பெயர் கொடுத்திருக்கிறான். முடிவெடுக்க வேண்டியவர் தலைமையாசிரியர். அவர் எந்தப் படத்தை நம்புவது?

இரண்டு படங்களும் உண்மையாக இருக்கலாம் என்பதுதான் இதில் வியப்பு. அது எப்படி என்பதை விளக்குவதே இன்றைய உரையின் நோக்கம்.

எண் மட்டும் இருந்த காலம்

புகைமூட்டம் நம் வட்டாரத்துக்குப் புதிதல்ல. 1997ஆம் ஆண்டு எல் நினோ வறட்சியின்போது சுமத்ராவிலும் கலிமந்தானிலும் மூண்ட தீயால் சரவாக்கில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. கூச்சிங்கில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 800ஐத் தாண்டியது. 2005 ஆகஸ்ட் 11ஆம் தேதி போர்ட் கிள்ளானிலும் கோல சிலாங்கூரிலும் அந்த எண் 500ஐக் கடந்ததால் அங்கும் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. 2013 ஜூன் 21ஆம் தேதி நண்பகலில் சிங்கப்பூரின் 3 மணி நேரக் குறியீடு 401ஐத் தொட்டது. இரண்டு நாள் கழித்து மூவாரில் 746 பதிவானது. மூவாரும் லேடாங்கும் அவசரகாலத்தின்கீழ் வந்தன.

அந்த எண்கள்கூட எப்போதும் மக்கள் கைக்குக் கிடைத்தவை அல்ல. சுற்றுலாத் துறை பாதிக்கப்படும் என்ற அச்சத்தால் மலேசியாவில் சில ஆண்டுகள் குறியீட்டு எண்கள் பொதுமக்களுக்கு வெளியிடப்படாமல் இருந்தன. 2005 ஆகஸ்டில் புகை கடுமையானபோதுதான் அவற்றை மீண்டும் வெளியிட அரசாங்கம் முடிவு செய்தது. தாங்கள் சுவாசிக்கும் காற்றின் தரத்தை அறிந்துகொள்ளவே மக்கள் காத்திருக்க வேண்டியிருந்தது.

இன்று நிலைமை தலைகீழ். எண்ணும் உண்டு, படமும் உண்டு. ஒன்றுக்குப் பத்தாகப் படங்கள் கைத்தொலைபேசியில் வந்து குவிகின்றன. தகவல் இல்லாத குறை தீர்ந்தது. கிடைத்த தகவலைப் படிக்கத் தெரியாத குறை வந்து சேர்ந்திருக்கிறது.

எண்ணிலிருந்து படத்துக்கு

ஒரு நிலையத்தில் அளக்கப்படும் எண், அந்த இடத்தில் அந்த நேரத்தில் காற்று எப்படி இருந்தது என்பதைச் சொல்லும். புகை எங்கிருந்து வந்தது, நாளை எங்கே போகும் என்பதை அதனால் சொல்ல இயலாது. அதற்குத்தான் கணினி மாதிரி தேவைப்படுகிறது.

வீட்டில் சாம்பிராணி போடுவதை நினைத்துக்கொள்ளுங்கள். தணல் எங்கே இருக்கிறது, எவ்வளவு சாம்பிராணி போட்டார்கள், மின்விசிறி எந்தப் பக்கம் சுழல்கிறது, எந்தச் சன்னல் திறந்திருக்கிறது, இவை தெரிந்தால் புகை எந்த அறைக்குப் போகும் என்று ஓரளவு சொல்லிவிடலாம். கணினி மாதிரி செய்வதும் இதே வேலைதான். தீ எங்கே என்பதைச் செயற்கைக்கோள் சொல்கிறது. காற்று எந்தத் திசையில், எவ்வளவு வேகத்தில் வீசும் என்பதை வானிலைக் கணிப்பு சொல்கிறது. இரண்டையும் சேர்த்து, புகைத் துகள்கள் மணிக்கு மணி எங்கே நகரும், எங்கே படியும், மழையில் எவ்வளவு கரையும் என்று கணினி கணக்கிடுகிறது.

இத்தகைய மாதிரிகளில் பெயர் பெற்றவை சில உண்டு. பிரிட்டிஷ் வானிலை அலுவலகத்தின் 'நேம்' என்ற மாதிரி, 1986ஆம் ஆண்டு செர்னோபில் அணு உலை விபத்துக்குப் பிறகு, கதிரியக்கம் எங்கே பரவும் என்பதை அறிய உருவாக்கப்பட்டது. அதே மாதிரியைச் சிங்கப்பூர் வானிலை ஆய்வகம் நம் வட்டாரப் புகையைக் கணிக்கப் பயன்படுத்தியது. அமெரிக்காவின் கடல், வளிமண்டல நிர்வாகம் உருவாக்கிய 'ஹைஸ்பிளிட்' காற்றின் பாதையை முன்னோக்கியும் பின்னோக்கியும் வரைந்து காட்டும். இன்று காலை மூவாருக்கு வந்த காற்று, இரண்டு நாளுக்கு முன் எங்கே இருந்தது என்று கேட்டால் அதற்கும் விடை தரும். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பின் 'சிமாக்', காற்றில் நடக்கும் இரசாயன மாற்றங்களையும் சேர்த்துக் கணக்கிடுகிறது.

14 மில்லியன் எண்கள்

இந்த மாதிரிகள் முடிவில் தருவது படம் அல்ல, வெறும் எண்கள். நீளவாக்கில் 100 கட்டம், அகலவாக்கில் 100 கட்டம் என்று ஒரு வட்டாரத்தைப் பிரித்தால் 10,000 கட்டங்கள். தரையிலிருந்து மேலே 20 அடுக்குகள் என்றால் 200,000. மூன்று நாளுக்கு மணிக்கு ஒரு முறை, அதாவது 72 முறை கணக்கிட்டால் 14.4 மில்லியன் எண்கள். இது ஒரே ஒரு மாசுப் பொருளுக்கு மட்டும். எந்த மனிதராலும் இதைப் படித்து முடிக்க முடியாது.

இங்கேதான் காட்சிப்படுத்தும் மென்பொருள் கை கொடுக்கிறது. நாசா நிறுவனத்தின் 'பனோப்லி', சிமாக் மாதிரிக்குத் துணையான 'வெர்டி' போன்றவை இலவசமாகவே கிடைக்கின்றன. அவை அந்த எண் மலையைப் பல விதமாக வெட்டிக் காட்டும். தரையோடு ஓர் அடுக்கை மட்டும் எடுத்து வரைபடமாகக் காட்டலாம். கேக்கை நறுக்குவதுபோல் மேலிருந்து கீழாக வெட்டி, புகை எந்த உயரத்தில் மிதக்கிறது என்று பார்க்கலாம். ஓர் ஊரை மட்டும் தேர்ந்தெடுத்து, மணிக்கு மணி ஏறி இறங்குவதைக் கோடாக வரையலாம். எல்லா நேரப் படங்களையும் அடுக்கி, புகை நகர்வதைத் திரைப்படம்போல் ஓட்டிப் பார்க்கலாம்.

ஆனால், நறுக்குவதும் நிறம் தீட்டுவதும் மனிதர் எடுக்கும் முடிவுகள். பார்ப்பவரின் மனத்தில் அச்சம் பிறப்பதும் நிம்மதி பிறப்பதும் அந்த முடிவுகளைப் பொறுத்தே அமைகின்றன.

நிறம் செய்யும் மாயம்

இப்போது தலைமையாசிரியரிடம் திரும்புவோம். அந்த ஊரில் பி.எம். 2.5 எனப்படும் நுண்துகள் ஒரு கன மீட்டர் காற்றில் 60 மைக்ரோகிராம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். தலைமுடியின் தடிமனில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கு அளவே உள்ள துகள் அது. மூக்கில் தங்காமல் நுரையீரலின் ஆழம் வரை செல்லக்கூடியது.

முதல் வரைபடத்தை உருவாக்கியவர், நிற அளவுகோலைப் பூச்சியத்திலிருந்து 50 வரை வைத்திருந்தால், 60 என்பது அடர் சிவப்பாகத் தெரியும். இரண்டாவது படத்தை உருவாக்கியவர் 500 வரை வைத்திருந்தால், அதே 60 இளம்பச்சையாகத் தெரியும். எண் ஒன்றே, நிறம் வேறு. ஆகவே, எந்தப் படத்தைப் பார்த்தாலும் முதலில் கண் போக வேண்டிய இடம், ஓரத்தில் இருக்கும் சிறிய நிறப் பட்டைதான். அதில் சிவப்புக்கு எதிரே என்ன எண், என்ன அளவு எழுதியிருக்கிறது என்று பார்க்காமல் படத்தைப் பார்ப்பது, விலைப்பட்டியல் பார்க்காமல் சாப்பிட உட்காருவதற்கு ஒப்பாகும்.

அந்த 60 அஞ்ச வேண்டிய அளவா? உலகச் சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட வழிகாட்டியின்படி 24 மணி நேரச் சராசரி 15 மைக்ரோகிராமுக்குள் இருப்பது நல்லது. நாள் முழுவதும் 60 நீடித்தால் அது நான்கு மடங்கு. பச்சை நிறத்தைப் பார்த்து நிம்மதி அடைந்தவர் இதை அறியமாட்டார்.

இன்னொன்றும் உண்டு. சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாத நிறக்குருடு ஆண்களிடையே அரிதானதன்று. அவர்களுக்கு அபாயமும் பாதுகாப்பும் ஒரே நிறமாகத் தெரியும். இதனால்தான் இப்போது அறிவியலாளர் பலர் வானவில் வண்ணங்களைத் தவிர்த்து, வெளிறிய நிறத்திலிருந்து அடர்நிறத்துக்குப் படிப்படியாகச் செல்லும் அளவுகோலைப் பயன்படுத்துகின்றனர்.

கோலப் புள்ளிகள்

வாசலில் கோலம் போடுபவர் முதலில் புள்ளி வைக்கிறார். பிறகு புள்ளிகளைக் கோட்டால் இணைக்கிறார். கணினி மாதிரியில் இருப்பவை புள்ளிகள் மட்டுமே. புள்ளிக்கும் புள்ளிக்கும் இடையே வழுவழுப்பாக நிறத்தை நிரப்புவது மென்பொருள்.

ஐரோப்பாவின் கோப்பர்நிக்கஸ் வளிமண்டலக் கண்காணிப்புச் சேவை உலகம் முழுவதற்கும் காற்றின் தரத்தைக் கணித்து வெளியிடுகிறது. கைத்தொலைபேசியில் பலர் பார்க்கும் 'விண்டி' போன்ற செயலிகளும் அதன் தரவுகளைக் காட்டுகின்றன. அந்தச் சேவையின் உலக மாதிரி பல ஆண்டுகளாகப் பயன்படுத்திய கட்டத்தின் அளவு ஏறத்தாழ 40 கிலோமீட்டர். சிங்கப்பூரோ கிழக்கு மேற்காக ஏறக்குறைய 50 கிலோமீட்டர். முழுத் தீவும் ஓரிரண்டு கட்டங்களில் அடங்கிவிடும். கிள்ளானும் கோலாலம்பூரும் ஒரே கட்டத்தில் விழக்கூடும். படத்தை விரலால் பெரிதாக்கி, "ஜூரோங் மஞ்சள், தெம்பனிஸ் பச்சை" என்று சொன்னால், அது மென்பொருள் போட்ட கோட்டைப் படிப்பதாகுமே தவிர, காற்றைப் படிப்பதாகாது. வட்டாரத்தின் நிலையை அறிய அந்தப் படம் மிக நல்லது. தெருவின் நிலையை அறிய அதை நம்பக் கூடாது.

எந்த உயரம், எந்த நேரம்?

செயற்கைக்கோள் மேலிருந்து பார்க்கிறது. தரைமுதல் விண்வெளிவரை உள்ள காற்றுத் தூண் முழுவதிலும் இருக்கும் புகை அதன் கண்ணில் படும். ஆனால் பிள்ளைகள் சுவாசிப்பது தரையோடு ஒட்டிய காற்றை. புகை 2 கிலோமீட்டர் உயரத்தில் கடந்து சென்றால் படத்தில் அடர்த்தியாகத் தெரியும், வாசலில் ஒன்றும் இருக்காது. மாறாக, அதிகாலையில் காற்று அசையாமல் இருக்கும்போது மெல்லிய புகையும் தரையில் தேங்கி மூச்சை அடைக்கும். எனவே, படத்தில் காட்டப்படுவது தரைமட்டக் காற்றா, முழுத் தூணா என்று கேட்க வேண்டும்.

நேரத்திலும் கவனம் தேவை. இத்தகைய படங்கள் பலவற்றில் உலகப் பொது நேரமே அச்சாகியிருக்கும். மலேசியாவும் சிங்கப்பூரும் அதைவிட 8 மணி நேரம் முன்னால். படத்தில் வெள்ளி 22 மணி என்று இருந்தால், அது நமக்குச் சனிக்கிழமை காலை 6 மணி. இதைக் கவனிக்காமல் வெள்ளி இரவுப் படம் என்று எண்ணினால், விளையாட்டுப் போட்டி தொடங்கும் வேளைக்கான எச்சரிக்கையைத் தவறவிட்டுவிடலாம். அது அளக்கப்பட்ட நிலையா, முன்கணிப்பா என்பதையும் பார்க்க வேண்டும். கணினித் திரையில் இரண்டும் ஒரே அழகோடுதான் தெரியும்.

தீப்புள்ளிகள் சொல்வதும் மறைப்பதும்

சுமத்ரா வரைபடத்தில் சிவப்புப் புள்ளிகள் நிறைந்திருப்பதைச் செய்திகளில் அனைவரும் பார்த்திருப்பர். டெரா, அக்குவா செயற்கைக்கோள்களில் உள்ள மோடிஸ் கருவி ஒரு கிலோமீட்டர் அகலக் கட்டத்தில் வெப்பத்தைத் தேடியது. பின்னர் வந்த வியர்ஸ் கருவி 375 மீட்டர் வரை நுணுக்கமாகப் பார்க்கிறது. புள்ளி என்பது அந்தக் கட்டத்துக்குள் எங்கோ வெப்பம் இருக்கிறது என்பதற்கான அடையாளம். கட்டம் முழுவதும் எரிகிறது என்று பொருளல்ல. வரைபடத்தில் புள்ளியைப் பெரிதாக வரைந்தால் காடே எரிவதுபோல் தோன்றும்.

புள்ளி இல்லாவிட்டால் தீ இல்லை என்றும் கொள்ள முடியாது. மேகம் மறைத்துவிடும், அடர்ந்த புகையும் மறைத்துவிடும். ரியாவிலும் கலிமந்தானிலும் மரமும் இலையும் பல்லாயிரம் ஆண்டுகளாக மக்கிப் படிந்த சதுப்புக் கரி நிலங்கள் உண்டு. அங்கே தீ மண்ணுக்கடியில் கனன்றுகொண்டே இருக்கும். மேலே சுடர் குறைவு, புகையோ மிக அதிகம். புள்ளிகள் குறைந்துவிட்டன என்ற செய்தி வந்த அன்றே புகை கூடுவதும் உண்டு.

இது வெறும் தொழில்நுட்ப விவகாரம் அன்று. சிங்கப்பூர் 2014இல் இயற்றிய எல்லை தாண்டிய புகைமூட்டச் சட்டம், செயற்கைக்கோள் தகவலும் காற்றின் வேகமும் திசையும் ஒரு நிலத்துத் தீயின் புகை சிங்கப்பூரை நோக்கி வந்ததாகக் காட்டினால், எதிர்த்தரப்பு மறுத்து நிரூபிக்கும்வரை அவ்வாறே கருத இடமளிக்கிறது. ஒரு வரைபடம் வழக்கின் முடிவையே மாற்றக்கூடும். சிறு விவசாயியா, பெருந்தோட்ட நிறுவனமா என்ற கேள்வியில், ஒரு புள்ளி சில நூறு மீட்டர் தள்ளி விழுந்தாலும் பழி இடம் மாறிவிடும்.

சரிபார்க்க ஒரு வழி

அப்படியானால் இந்தப் படங்களை நம்பவே கூடாதா? நம்பலாம், சரிபார்த்து நம்ப வேண்டும். வல்லுநர்கள் அதற்கு எளிய வழி ஒன்றைக் கையாளுகின்றனர். மாதிரி கணித்த நிறப் படத்தின்மேல், தரை நிலையங்களில் உண்மையாக அளந்த எண்களைச் சிறு வட்டங்களாக, அதே நிற அளவுகோலில் பதிப்பார்கள். மாதிரி சரியாகக் கணித்திருந்தால் வட்டம் பின்னணி நிறத்தோடு கலந்து மறைந்துவிடும். தவறியிருந்தால் பச்சைத் துணியில் சிவப்புப் பொட்டுபோல் பளிச்சென்று தெரியும். எங்கே, எவ்வளவு தவறியது என்பதை ஒரே பார்வையில் புரிந்துகொள்ளலாம். நேற்றைய கணிப்பை இன்றைய அளவோடு இப்படி ஒப்பிட்டுப் பார்ப்பதே ஒரு மாதிரியை நம்பலாமா என்பதற்கான உரைகல்.

தலைமையாசிரியர் என்ன செய்யலாம்?

வெள்ளிக்கிழமை மாலையில் அவர் முன்கணிப்புப் படத்தைப் பார்க்கட்டும். தென்மேற்குப் பருவக்காற்று சுமத்ராவிலிருந்து புகையைத் தள்ளிக்கொண்டு வருகிறதா, மழைக்கு வாய்ப்புண்டா என்பதை அது சொல்லும். அதன்படி உள்ளரங்க ஏற்பாடு ஒன்றைத் தயாராக வைத்துக்கொள்ளலாம். சாப்பாடு வீணாகாது.

சனிக்கிழமை காலையில் படத்தை மூடிவிட்டு, அருகிலுள்ள நிலையத்தின் எண்ணைப் பார்க்கட்டும். மலேசியச் சுற்றுச்சூழல் துறை நாடு முழுவதும் அறுபதுக்கும் அதிகமான நிலையங்களின் குறியீட்டை மணிக்கு மணி இணையத்தில் வெளியிடுகிறது. 2018 முதல் பி.எம். 2.5 அதில் சேர்க்கப்பட்டுள்ளது. சிங்கப்பூரில் தேசிய சுற்றுப்புற வாரியம் வட்டார வாரியாக ஒரு மணி நேர அளவையும் தருகிறது. 24 மணி நேரச் சராசரி நேற்றையும் சேர்த்துச் சொல்வது. இப்போது ஓடலாமா என்ற கேள்விக்கு ஒரு மணி நேர அளவே பொருத்தமானது.

குறியீடு 100ஐத் தாண்டினால் வெளிப்புற நடவடிக்கைகளை நிறுத்த வேண்டும் என்பதே மலேசியப் பள்ளிகளுக்கான நடைமுறை. 200ஐத் தாண்டினால் பள்ளியை மூடும் நிலை வரும். ஆயினும் 90 என்று காட்டும்போதே அந்த ஆஸ்துமா பையனுக்கு இருமல் தொடங்கிவிட்டால், அவனை ஓடவிடாமல் உட்கார வைப்பதற்கு எந்த மென்பொருளின் அனுமதியும் தேவையில்லை.

இல்லத்தில் ஒரு பயிற்சி

நேயர்களுக்கு ஒரு வேண்டுகோள். நாசாவின் 'வேர்ல்ட்வியூ' இணையத்தளத்தில் தேதியைத் தேர்ந்தெடுத்து, பழைய செயற்கைக்கோள் படங்களை யாரும் இலவசமாகப் பார்க்கலாம். பிள்ளைகளை அருகில் உட்கார வைத்து, 2013 ஜூன் 19, 20, 21 ஆகிய நாள்களின் படங்களைத் திறந்து பாருங்கள். மலாக்கா நீரிணையின் அக்கரையிலிருந்து சாம்பல் நிறப் புகை நீண்டு வருவதைத் தேடச் சொல்லுங்கள். மேகம் எது, புகை எது என்று பிரித்தறியச் சொல்லுங்கள். கணினியும் புவியியலும் அறிவியலும் ஒரே பாடமாகிவிடும். இந்தத் துறையில் வேலை வாய்ப்பும் உண்டு என்பதை இடைநிலைப்பள்ளி மாணவர்கள் மனத்தில் கொள்ள வேண்டும்.

அடுத்த வறட்சியின்போது மீண்டும் படங்கள் பறந்து வரும். வந்ததை அப்படியே பத்துப் பேருக்கு அனுப்புவதற்கு முன் நான்கு கேள்விகள் கேளுங்கள். நிறப் பட்டையில் என்ன எண்? கட்டம் எவ்வளவு பெரியது? தரைக் காற்றா, மேல் காற்றா? எந்த நேரத்துக்கு உரியது? நான்குக்கும் விடை கிடைக்காத படத்தை, அது எவ்வளவு அழகாக இருந்தாலும், அடுத்தவருக்கு அனுப்பாமல் விட்டுவிடுவதே நல்லது.

ஒரு காலத்தில் எண்ணையே பார்க்க முடியாமல் இருந்தது. இன்று பார்க்க முடிகிறது. புரிந்து பார்த்தால், ஒரு பிள்ளையின் மூச்சைக் காப்பாற்றலாம்.